கோபத்தோடு வரும் கெஸ்ட்: ஃப்ரண்ட் டெஸ்க்குக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஹோட்டல் ஃப்ரண்ட் டெஸ்க்கில் சேர்ந்த முதல் வாரத்தில் நிறையச் சொல்லித் தருவார்கள். செக்-இன் எப்படிப் போடுவது, கீ கார்டு எப்படிப் போடுவது, ஒரே பில்லை இரண்டாக எப்படிப் பிரிப்பது, மூன்றாவது மணி அடிப்பதற்குள் போனை எப்படி எடுப்பது. பெட்டியைத் தொப்பென்று வைத்துவிட்டு "யாருங்க இங்கே மேனேஜர்?" என்று ஒருவர் கத்தும்போது என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. "சிரித்த முகமாக இரு" என்பார்கள். அது பாதி நேரம் தப்பான யோசனை. பொங்கிக்கொண்டு வருகிறவர் முன்னால் பல்லைக் காட்டினால் இன்னும் பொங்குவார்.

கெஸ்ட் என்றே எழுதுகிறேன். விருந்தினர் என்று ஷிஃப்டில் யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர் மாதிரி இருக்கிறது.

பல வருடம் கவுண்டருக்குப் பின்னால் நின்றதில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். முதல் தடவை வரும் கெஸ்ட்டுக்கு அறையோடு பிரச்சினை. அதே விஷயத்துக்கு அவர் இரண்டாம் தடவை வந்தால், பிரச்சினை நம்மோடு. ஏசி ஓடவில்லை என்று வந்தவரிடம் "ஆள் அனுப்புகிறேன் சார்" என்று சொல்லிவிட்டு மறந்துபோனால், முக்கால் மணி நேரம் கழித்து இறங்கி வருகிறவர் வேறு மனிதர். "கஷ்டமான கெஸ்ட்" என்று நாம் முத்திரை குத்துகிறவர்களில் பலரை அந்த முக்கால் மணி நேரத்தில் நாமேதான் தயாரிக்கிறோம். கீழே சொல்லியிருப்பதில் பெரும்பகுதி அந்த இரண்டாம் வருகையைத் தடுக்கும் வழிகள்.

ஷிஃப்டுக்கு முன்னால் 15 நிமிடம்

கால் மணி நேரம் முன்னதாகப் போய் லாக் புக்கைப் படியுங்கள். மேலோட்டமாக அல்ல; முந்தைய ஷிஃப்டில் யார் எதற்குப் புகார் செய்தார்கள், என்ன சொல்லி அனுப்பினோம், எது இன்னும் முடியவில்லை என்று பாருங்கள். முடியாமல் கிடக்கும் ஒவ்வொரு விஷயமும் இன்னும் சில மணி நேரத்தில் உங்கள் கவுண்டருக்கு நடந்து வரப்போகிறது.

அடுத்து எண்ணிக்கை. இன்று எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை அறை தயார், பழுதென்று மூடிவைத்த அறை எத்தனை. பல ஹோட்டல்களில் செக்-அவுட் 11 அல்லது 12 மணி, செக்-இன் 2 அல்லது 3 மணி. நடுவில் இருக்கும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் ஹவுஸ்கீப்பிங் மொத்த மாடியையும் முடித்தாக வேண்டும். 1 மணிக்கே 40 அறை அழுக்காகக் கிடக்கிறது என்றால், 3 மணிக்கு லாபி எப்படி இருக்கும் என்பது உங்களுக்கு இப்போதே தெரிந்துவிட்டது. சூப்பர்வைசரிடம் பேசி, குழந்தையோடு வருகிறவர்கள், இரவு முழுக்கப் பயணம் செய்து வருகிறவர்கள் ஆகியோரின் அறைகளை முதலில் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். நல்ல அறை ஒன்றையாவது கடைசிவரை கையில் பிடித்து வைத்திருங்கள். யாருக்காவது மாற்றிக் கொடுக்கத் தேவைப்படும்.

மூன்றாவது, உங்கள் கை எதுவரை நீளும் என்று தெரிந்துகொள்ளுங்கள். யாரையும் கேட்காமல் எதைக் கொடுக்கலாம்? காலை உணவா, ஒரு மணி நேரத் தாமத செக்-அவுட்டா, அறை மாற்றமா, பில்லில் தள்ளுபடியா? ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டல்களில் ஒரு கெஸ்ட்டின் பிரச்சினையைத் தீர்க்க, மேலதிகாரியைக் கேட்காமலே 2,000 டாலர்வரை செலவழிக்க ஊழியர்களுக்கு உரிமை உண்டு என்பது இந்தத் தொழிலில் பிரபலமான விஷயம். நமக்கு அவ்வளவெல்லாம் தர மாட்டார்கள். ஆனாலும் ஒரு எல்லை இருக்கும், அதை மேனேஜரிடம் வாய்விட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லை தெரியாதவர் ஒவ்வொன்றுக்கும் "கேட்டுச் சொல்கிறேன்" என்பார். அந்த வார்த்தை கோபத்தில் இருப்பவர் காதில் "முடியாது" என்றுதான் விழும்.

முதல் இரண்டு நிமிடம்

கெஸ்ட் பேசத் தொடங்கியதும் கீபோர்டிலிருந்து கையை எடுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பாதிச் சண்டை திரையைப் பார்த்துக்கொண்டே "சொல்லுங்க" என்பதால் வருகிறது. பேனாவை எடுத்து அவர் சொல்வதைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எழுதுகிறவரைப் பார்த்து நீண்ட நேரம் கத்துவது கடினம். தான் சொல்வது பதிவாகிறது என்று தெரிந்ததும் பெரும்பாலானோர் தானாகவே வேகத்தைக் குறைப்பார்கள்.

குறுக்கே பேசாதீர்கள். அவர் சொல்வதில் தப்பு இருந்தாலும் இப்போது திருத்தாதீர்கள். "இல்ல சார், நீங்க புக் பண்ணினது..." என்று தொடங்கினால் அவர் முதலிலிருந்து, இன்னும் சத்தமாகச் சொல்வார். அவர் நிறுத்தியதும், சொன்னதை அவர் வார்த்தையிலேயே திருப்பிச் சொல்லுங்கள்: "சாயங்காலம் 6 மணிக்குச் சொன்னீர்கள், யாரும் வரவில்லை, 8 மணிக்குப் போன் செய்தும் வரவில்லை. சரிதானே?" அவர் "ஆமாம்" என்று சொல்லும் அந்த நொடிதான் நீங்கள் பேசத் தொடங்கும் நொடி.

அப்புறம் மன்னிப்பு. எதற்காக என்று சொல்லிக் கேளுங்கள். "உங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்" என்பது ஒலிபெருக்கி அறிவிப்பு. "இரண்டு மணி நேரம் வெந்நீர் இல்லாமல் உட்காரவைத்துவிட்டோம், மன்னிக்கணும்" என்பது மனிதர் பேச்சு. தப்பு நம்முடையதா என்று இன்னும் தெரியாவிட்டால், தப்பை ஒப்புக்கொள்ளாமலே வருத்தம் சொல்லலாம்: "பயணக் களைப்போடு வந்து இப்படி நிற்கும்படி ஆயிற்றே." சொல்லவே கூடாத வார்த்தைகள் சில உண்டு. "அமைதியாக இருங்கள்" என்று சொல்லி யாரும் அமைதியானதை நான் பார்த்ததில்லை. "அது எங்க டிபார்ட்மென்ட் இல்லை", "வேறு யாரும் இப்படிச் சொன்னதில்லையே", "ரூல் அப்படித்தான்" இவையும் அதே வகை.

லாபியில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தால் ஆளை இடம் மாற்றுங்கள். "இங்கே நிற்க வேண்டாம், அந்த சோஃபாவில் உட்கார்ந்து பேசலாம்" என்று கவுண்டரை விட்டு வெளியே வந்து கூட்டிப் போங்கள். பார்வையாளர்கள் இருக்கும்வரை ஒருவரால் இறங்கி வர முடியாது, அது கௌரவப் பிரச்சினையாகிவிடும். உட்கார்ந்ததும் குரலும் இறங்கும். ஆனால் கதவு மூடிய அறைக்குத் தனியாக அழைத்துப் போகாதீர்கள். மற்ற ஊழியர்களின் கண்ணுக்குத் தெரிகிற இடமாக இருக்கட்டும்.

தப்பு நம்முடையது என்றால்

இதுதான் சுலபம், ஆனால் அதிகமாகச் சொதப்புவதும் இங்கேதான். வாக்குக் கொடுக்கும்போது கடிகாரத்தோடு கொடுங்கள். "உடனே", "இதோ", "ஐந்து நிமிஷத்தில்" எல்லாம் வேண்டாம். முதலில் மெயின்டனன்ஸைக் கூப்பிட்டு எவ்வளவு நேரமாகும் என்று கேளுங்கள். அவர் 15 நிமிடம் என்றால் கெஸ்ட்டிடம் 25 என்று சொல்லுங்கள். 20-ஆவது நிமிடம் நீங்களே அறைக்குப் போன் போடுங்கள். வேலை முடியவில்லை என்றாலும் போடுங்கள். "இன்னும் முடியவில்லை, வேறு அறை தரட்டுமா?" என்று நாம் கேட்டால் அது கவனிப்பு. அதையே அவர் இறங்கி வந்து கேட்டால் அது சண்டை.

அறை மாற்றிக் கொடுப்பதென்றால், புது அறையை நீங்களோ வேறொருவரோ நேரில் பார்த்த பிறகே கொடுங்கள். ஏசி, குழாய், விளக்கு, படுக்கை விரிப்பு. கோபத்தில் இருப்பவரை ஒரு கெட்ட அறையிலிருந்து இன்னொரு கெட்ட அறைக்கு அனுப்பினால் அப்புறம் என்ன கொடுத்தாலும் ஈடாகாது. புதுச் சாவியை அவர் அறைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள், பெட்டியைத் தூக்க ஆளும் போகட்டும்.

அறை மாற்றத்தை அந்த நிமிடமே சிஸ்டத்தில் ஏற்றுங்கள். இதில் நான் ஒரு முறை பட்டிருக்கிறேன். முந்தைய ஷிஃப்டில் ஒருவரை அறை மாற்றியிருந்தார்கள். சாவி கொடுத்தாயிற்று, சிஸ்டத்தில் மாற்றவில்லை. திரையில் அந்த அறை காலி, சுத்தம் என்று காட்டியது. நள்ளிரவில் வந்தவருக்கு அதையே கொடுத்துவிட்டேன். அவர் கதவைத் திறந்தபோது உள்ளே ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரே நொடியில் இரண்டு கெஸ்ட், இரண்டு பேர் பக்கமும் நூறு சதவீதம் நியாயம். அன்று மேனேஜர் வரும்வரை நான் சொன்ன மன்னிப்புகளுக்குக் கணக்கில்லை. அதற்குப் பிறகு, இரவில் யாருக்குச் சாவி கொடுத்தாலும் லாக் புக்கில் "அறை மாற்றம்" என்று ஏதாவது இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன்.

ஒரு சின்னச் செய்தி: தப்பு நடந்து அதை நன்றாகச் சரிசெய்துவிட்டால், தப்பே நடக்காதவரைவிட அந்த வாடிக்கையாளர் அதிகத் திருப்தியோடு போகலாம் என்று 1990-களிலிருந்தே ஆய்வாளர்கள் பேசிவருகிறார்கள். எப்போதும் அப்படி நடப்பதில்லை என்று சொன்ன ஆய்வுகளும் உண்டு. என் அனுபவத்தில் அது முதல் தப்புக்கு மட்டும்தான் பலிக்கும். அதே ஆளுக்கு இரண்டாம் தப்பு நடந்தால் எந்தப் பழக்கூடையும் உதவாது.

பணத் தகராறு

அறை விஷயத்தைவிடப் பண விஷயத்தில்தான் கெஸ்ட்டுக்கு ஏமாற்றப்பட்ட உணர்வு வருகிறது. இங்கே நீங்கள் பணிவாக இருந்தால் மட்டும் போதாது, விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

அடிக்கடி வருவது கார்டில் பிடித்து வைக்கும் தொகை. செக்-இன் நேரத்தில் அறை வாடகையும் அதற்கு மேல் கொஞ்சமும் சேர்த்துக் கார்டில் "ஹோல்டு" போடுவோம். அது பணத்தை எடுப்பதல்ல. இவ்வளவு தொகையை ஒதுக்கி வை என்று வங்கியிடம் கேட்பது. கிரெடிட் கார்டு என்றால் வரம்பு குறையும், அவ்வளவுதான். டெபிட் கார்டு என்றால் கணக்கில் இருக்கும் சொந்தப் பணமே முடங்கும். செக்-அவுட்டில் நாம் விடுவித்தாலும், வங்கி அதைக் கணக்கில் காட்டச் சில நாட்கள் ஆகலாம். கெஸ்ட் பார்ப்பது என்ன? பில் கட்டியாயிற்று, ஆனால் இன்னொரு தொகையும் போயிருக்கிறது. "இரண்டு தடவை எடுத்துவிட்டீர்கள்" என்று வருவார். இதைத் தவிர்க்க ஒரே வழி, கார்டைத் தேய்க்கும் முன்னால் சொல்வது: எவ்வளவு பிடிப்போம், எப்போது விடுவிப்போம், வங்கி எடுத்துக்கொள்ளும் நாட்கள் நம் கையில் இல்லை. டெபிட் கார்டைக் கண்டால் இன்னும் அழுத்திச் சொல்லுங்கள். முன்பே சொன்னால் அது தகவல், பின்னால் சொன்னால் அது சாக்கு.

இரண்டாவது, இணையதளம் வழியாக வந்த புக்கிங். பணத்தை அந்தத் தளமே வாங்கியிருந்தால், ஹோட்டலிடம் கெஸ்ட்டின் பணமே இருக்காது. தளம் பிறகு நமக்குக் கொடுக்கும். அதனால் ரத்து, ரீஃபண்டு, தேதி மாற்றம் எல்லாம் தளம் வழியாகத்தான் போக வேண்டும். "அவங்ககிட்டயே கேளுங்க" என்று விரட்டினால் அவர் நடுவில் பந்தாகிவிடுவார். நான் செய்வது: ரத்துக்கு ஹோட்டல் சம்மதிக்குமா என்பதை முதலில் மேனேஜரிடம் கேட்டுவிடுவேன். சம்மதம் என்றால், "தளத்தைக் கூப்பிட்டு, ஹோட்டல் ஒப்புக்கொண்டது என்று சொல்லுங்கள், அவர்கள் எங்களைக் கூப்பிட்டால் நானே உறுதிசெய்கிறேன்" என்று என் பெயரோடு எழுதிக் கொடுப்பேன். சம்மதம் இல்லையென்றால் அதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். நம்பிக்கையைக் கொடுத்துவிட்டு வேறு யாரோ கையை விரிக்கட்டும் என்று விடுவது கோழைத்தனம்.

மினி பாரில் எடுத்தாரா இல்லையா என்ற தகராறு ஒரு பாட்டில் தண்ணீர் சமாச்சாரம் என்றால் பேசாமல் பில்லிலிருந்து எடுத்துவிடுங்கள். அதைப் பற்றி வாதாடும் நேரம் அந்தத் தண்ணீரைவிட விலை அதிகம். ஆனால் அறையில் புகைபிடித்ததற்கோ உடைத்ததற்கோ அபராதம் என்றால், புகைப்படம், நேரம், யார் பார்த்தது ஆகியவை கையில் இல்லாமல் பேச்சையே எடுக்காதீர்கள். பின்னால் அவர் வங்கியிடம் போய் "இந்தப் பணத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை" என்று முறையிட்டால், கையெழுத்திட்ட செக்-இன் படிவமும் அந்தப் புகைப்படமும்தான் ஹோட்டல் பக்கம் பேசும். இதே இடத்தில் இன்னொன்று: கார்டின் பின்புற மூன்று இலக்க எண்ணை எந்தத் துண்டுச் சீட்டிலும் எழுதி வைக்காதீர்கள். கட்டணம் அங்கீகரிக்கப்பட்ட பிறகு அதைச் சேமித்து வைக்கக் கூடாது என்பது கார்டு நிறுவனங்களின் பாதுகாப்பு விதி.

அறையே இல்லை

புக் செய்தும் வராமல் போகிறவர்கள் எப்போதும் உண்டு என்பதால், பல ஹோட்டல்கள் இருப்பதைவிட ஒன்றிரண்டு அறை அதிகமாகவே விற்கும். ஒரு நாள் எல்லோரும் வந்துவிடுவார்கள். அன்று யாரையாவது வேறு ஹோட்டலுக்கு அனுப்பியாக வேண்டும். தொழிலில் இதை "வாக்" செய்வது என்பார்கள். புதியவர்கள் மிகவும் பயப்படுவது இதற்குத்தான்.

இரவு 11 மணிவரை ஏதாவது அற்புதம் நடக்கும் என்று காத்திருக்காதீர்கள். அறை பற்றாது என்று சாயங்காலமே தெரிந்தால், சாயங்காலமே மேனேஜரிடம் சொல்லி, பக்கத்தில் அதே தரத்தில் ஒரு ஹோட்டலில் அறையைப் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். யாரை அனுப்புவது என்பதையும் கடைசியாக வந்தவர் தலையில் கட்டாமல் முன்பே யோசியுங்கள். ஒரே இரவு, தனி ஆள், காலையில் கிளம்புகிறவர் என்றால் அவருக்குச் சிரமம் குறைவு. குழந்தையோடு வருகிறவர், நான்கு இரவு தங்குகிறவர், வழக்கமாக வருகிறவர், உடல்நலமில்லாதவர் ஆகியோரை அனுப்பக் கூடாது.

வழக்கமாக ஹோட்டல் கொடுப்பது: அந்த இரவுக்கான வாடகை, போய்வர வண்டிச் செலவு, மறுநாள் திரும்பி வர விரும்பினால் இங்கே அறை. உங்கள் இடத்தில் என்ன கொடுப்பார்கள் என்பதை உறுதிசெய்துகொண்டு, எல்லாவற்றையும் ஏற்பாடு செய்த பிறகே வாயைத் திறங்கள். "சார், உங்கள் அறையை எங்களால் தர முடியவில்லை. தப்பு எங்களுடையது. நடந்தே போகக்கூடிய தூரத்தில் இதே மாதிரி ஒரு ஹோட்டலில் உங்கள் பெயரில் அறை எடுத்திருக்கிறோம், பணம் நாங்கள் கட்டிவிட்டோம், வண்டி வாசலில் நிற்கிறது." சிஸ்டம் கோளாறு, தண்ணீர்க் குழாய் வெடித்தது என்றெல்லாம் கதை கட்டாதீர்கள். பக்கத்தில் இன்னொருவர் செக்-இன் ஆகிக்கொண்டிருப்பதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். கத்துவார். கத்தட்டும், அவருக்கு அந்த உரிமை உண்டு. அவர் போய்ச் சேர்ந்திருக்கும் நேரத்தில் அங்கே போன் போட்டு, அறை கிடைத்ததா என்று கேளுங்கள். பெரும்பாலானோர் செய்யாதது இதுதான்.

இரவுச் சத்தம்

பக்கத்து அறையில் கூச்சல் என்று போன் வந்தால், முதலில் ஒருவர் அந்த மாடிக்குப் போய்க் காதால் கேட்க வேண்டும். அறை எண்ணைத் தவறாகச் சொல்வது சகஜம்; தூங்கிக்கொண்டிருக்கும் அப்பாவியைப் போன் போட்டு எழுப்பி "சத்தம் போடாதீர்கள்" என்று சொன்னால் ஒரு புகார் இரண்டாகிவிடும். உறுதியானதும் முதல் தடவை போனில் மரியாதையாக, இரண்டாம் தடவை செக்யூரிட்டியோடு கதவருகே, மூன்றாம் தடவை டியூட்டி மேனேஜர். யார் புகார் சொன்னது என்பதை எந்தக் கட்டத்திலும் சொல்லாதீர்கள். "அந்த மாடியிலிருந்து புகார் வந்தது" போதும். புகார் சொன்னவருக்கும் திரும்பப் போன் போடுங்கள், இல்லையென்றால் அவர் விழித்துக்கொண்டு உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்.

"நான் யார் தெரியுமா?"

தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் பதில் ஒன்றுதான். அவர் முக்கியமானவர் என்று ஒப்புக்கொண்டு, விதியை மாற்றாமல் இருப்பது. "நீங்கள் அடிக்கடி வருகிறவர் என்று தெரியும் சார். 4 மணிவரை அறை தர முடியாது, அடுத்த கெஸ்ட் இருக்கிறார். 1 மணிவரை தருகிறேன், பெட்டியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், அப்புறம் லாபியில் இருக்கலாம்." முடியாது என்பதை ஒரு முறை தெளிவாகச் சொல்லிவிட்டு, முடிந்த இரண்டைக் காட்டுங்கள். ஐந்தாவது தடவை கேட்கும்போதும் வார்த்தையை மாற்றாதீர்கள். ஐந்தாவது தடவையில் இறங்கிக் கொடுத்தால், ஐந்து தடவை கேட்டால் கிடைக்கும் என்று நாமே கற்றுக்கொடுக்கிறோம்.

"ரிவியூ எழுதிவிடுவேன்" என்று மிரட்டுவதும் உண்டு. நியாயமான குறை என்றால் ரிவியூ பற்றிப் பேசாமலே சரிசெய்யுங்கள். நியாயமில்லை என்றால் ரிவியூவுக்காகக் கொடுக்காதீர்கள். "நல்லதாக எழுதினால் தள்ளுபடி தருகிறேன்" என்று மட்டும் வாயிலிருந்து வரவே கூடாது. அது அடுத்த நாள் அப்படியே ரிவியூவில் வரும். மிரட்டினார் என்பதை நேரத்தோடு குறித்துவைத்து மேனேஜரிடம் சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

யார் நடிக்கிறார், யார் உண்மையாகவே அவதிப்படுகிறார் என்று கண்டுபிடிப்பது புதியவர்களுக்குப் பெரிய ஆசை. விட்டுவிடுங்கள். செக்-அவுட் நேரத்தில் "மூன்று நாளும் தூக்கமே இல்லை" என்கிறவர் மூன்று நாளும் ஒரு போன்கூடப் போடவில்லை என்றால் சந்தேகம் வரும்தான். ஆனால் புகார் சொல்லத் தயங்கியே மூன்று இரவைக் கழித்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். சந்தேகத்தை முகத்தில் காட்டாமல், எல்லைக்குள் இருப்பதைக் கொடுத்து, பெரிய தொகை கேட்டால் மேனேஜரிடம் அனுப்புங்கள்.

எவ்வளவு கத்தினாலும் வளையக் கூடாத இடம்

சாவியும் அறை எண்ணும். "என் கணவர் அறையில்தான் இருக்கிறார், சாவியை உள்ளே வைத்துவிட்டேன், இன்னொன்று கொடுங்கள்" என்று யார் சொன்னாலும், அந்த அறையில் அவர் பெயர் பதிவாகியிருக்க வேண்டும், அடையாள அட்டை பொருந்த வேண்டும். அட்டையும் அறைக்குள் என்றால் செக்யூரிட்டி கூடப் போய்க் கதவைத் திறந்து, அங்கேயே அட்டையைப் பார்க்கட்டும். பெயர் பதிவில் இல்லையா, சாவி கிடையாது. குறிப்பிட்ட ஒருவர் இங்கே தங்கியிருக்கிறாரா என்று வெளியாட்கள் கேட்டால் ஆமாம் என்றும் சொல்லாதீர்கள், இல்லை என்றும் சொல்லாதீர்கள். "அந்த விவரம் தர முடியாது, செய்தி எழுதிக் கொடுங்கள், அப்படி யாராவது இருந்தால் சேர்க்கிறேன்." துரத்தி வருகிறவரிடமிருந்து ஒளிந்து தங்கியிருப்பவர் யார் என்று நமக்குத் தெரியாது. செக்-இன் செய்யும்போதும் அறை எண்ணை வாயால் சொல்லாமல் உறையில் எழுதிக் காட்டுங்கள்.

அடுத்தது உங்கள் பாதுகாப்பு. திட்டுவது, சத்தம் போடுவது கஷ்டமான கெஸ்ட். கவுண்டரைத் தாண்டி வருவது, கையை ஓங்குவது, உடலைப் பற்றிப் பேசுவது, தொடுவது, எத்தனை மணிக்கு ஷிஃப்ட் முடியும் என்று திரும்பத் திரும்பக் கேட்பது இவையெல்லாம் வேறு கணக்கு. அங்கே விருந்தோம்பல் முடிந்துவிட்டது. ஒரு தடவை நேராகச் சொல்லலாம்: "இப்படிப் பேசினால் என்னால் தொடர்ந்து உதவ முடியாது." அடுத்த வார்த்தைக்குக் காத்திருக்காமல் பின் அறைக்குப் போய்க் கதவை மூடி, செக்யூரிட்டியை, தேவைப்பட்டால் போலீஸைக் கூப்பிடுங்கள். கவுண்டரை விட்டுப் போனதற்காக யாராவது உங்களைத் திட்டினால் தப்பு அவர்களுடையது.

குடித்திருப்பவரிடம் வாதம் வேண்டாம். சின்ன வாக்கியம், மெதுவான குரல், கையெட்டாத தூரம். அவரை அறைக்குக் கொண்டுவிடத் தனியாகப் போகாதீர்கள். எந்தப் புகாருக்காகவும், இரவு ஷிஃப்டில் தனியாகக் கெஸ்ட்டின் அறைக்குள் போகாதீர்கள். கதவுக்கு வெளியிலேயே நின்று பேசுங்கள். அறைக்குள் தனியாக வேலை செய்யும் ஹோட்டல் ஊழியர்களுக்கு அவசரப் பொத்தான் தந்தாக வேண்டும் என்று சிகாகோ நகரம் 2017-இல் சட்டமே கொண்டுவந்தது. இது கற்பனைப் பயம் அல்ல. உங்கள் ஹோட்டலில் அப்படி ஒரு பொத்தான் இருந்தால், அது எங்கே இருக்கிறது, அழுத்தினால் யாருக்குப் போகும் என்று முதல் நாளே கேளுங்கள்.

லாக் புக்கில் எழுதுவது

நடந்ததை எழுதுங்கள், ஆளை எழுதாதீர்கள். "214, மோசமான ஆள், எதற்கெடுத்தாலும் சண்டை" என்று எழுதினால் அடுத்த ஷிஃப்டுக்கு எதுவும் தெரியாது, வெறுப்பு மட்டும் கைமாறும். இப்படி இருக்கட்டும்: "214. இரவு 9:10, வெந்நீர் இல்லை என்றார். 9:35 மெயின்டனன்ஸ் பார்த்தது, வால்வு மாற்ற வேண்டும். 9:40 அறை மாற்றச் சொன்னோம், குழந்தை தூங்குவதால் மறுத்தார். காலை 8 மணிக்குள் சரிசெய்வதாகச் சொல்லியிருக்கிறேன். 7:30-க்கு மெயின்டனன்ஸை நினைவுபடுத்தவும்." கெஸ்ட்டின் பக்கத்தில் சிஸ்டத்தில் போடும் குறிப்புகளுக்கும் இதே விதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தன்னைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று கெஸ்ட் கேட்டால் காட்டியாக வேண்டும். சட்டம் இல்லாத இடத்திலும், அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தால் வெட்கப்படாத மாதிரி எழுதுவது நல்லது.

அவர் போன பிறகு

கை நடுங்கும். சாதாரணம்தான். உள்ளே ஒன்று நினைத்துக்கொண்டு முகத்தில் வேறொன்றைக் காட்டுவதும் ஒரு உழைப்பு என்று சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்டு 1983-லேயே எழுதினார். அவர் கவனித்தது விமானப் பணிப்பெண்களை, ஆனால் கவுண்டருக்கு அது அப்படியே பொருந்தும். உழைப்பு என்றால் களைப்பும் உண்டு. பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு நிமிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடியுங்கள். சக ஊழியரிடம் புலம்புவதென்றால் கதவுக்கு உள்ளே. லாபியில் குரல் நன்றாகக் கேட்கும். வரிசையில் அடுத்து நிற்கிறவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார், அவரும் கொஞ்சம் பதற்றமாகத்தான் வருவார். "காக்க வைத்துவிட்டேன், சொல்லுங்கள்" என்று தொடங்கினால் போதும்.

அப்புறம் 214-க்குக் காலையில் ஒரு போன் பாக்கியிருக்கிறது. வெந்நீர் வருகிறதா என்று கேட்பதற்கு. நீங்கள் ஷிஃப்ட் முடித்துப் போயிருந்தால், காலை ஷிஃப்டில் வருகிறவரிடம் வாயாலும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.